புதுப்பிப்பு: பனையோலைக் கைவினைப் பெட்டி கட்டலாக், தமிழ் எழுத்து உடைந்த பிரச்சினை தீர்ந்தது

உதவிய எல்லோருக்கும் நன்றி. கட்டலாக் அச்சாகி யாழ்ப்பாணத்துக் கடைக்கு வந்துவிட்டது.

நான் கேட்டது இதுதான்: பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் 'பெட்டி' என்று அடித்தால் கொம்பு 'ப'வுக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவான பாமினிக்கு மாற்றச் சொன்னவர்களின் யோசனையை முதலில் செய்தேன். தாளில் சரியாகவே வந்தது. ஆனால் பிடிஎஃபில் 'நீத்துப்பெட்டி' (பிட்டு அவிக்கும் ஓலைப் பெட்டி) என்று தேடினால் அகப்படவில்லை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் அதைப் பார்த்துத்தான் ஓடர் தரும், அதனால் விட்டுவிட்டேன்.

கைகொடுத்தது மற்ற யோசனை: யூனிகோடிலேயே வைத்துக்கொண்டு, பராகிராஃப் மெனுவில் வேர்ல்ட்-ரெடி கம்போசரை (தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோர்க்கும் அமைப்பு) தெரிவுசெய்வது. பராகிராஃப் ஸ்டைலிலும் அதை மாற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த ஸ்டைலில் புதிதாக அடிக்கும் பந்தி மறுபடி உடையும்.

எதிர்பாராதது நிறம். சாயமிட்ட சார்வோலையின் (இளம் பனையோலை) அந்தப் பளீர் ரோசா, திரையில் இருந்த மாதிரி நாலு நிற அச்சில் வரவே இல்லை. மாதிரித் தாளில் மங்கிக் கிடந்தது. கடைசியில் சிறுவர் கிலுகிலுப்பைப் பெட்டி வரும் பக்கத்தில், விரல் அகல ஓலைத் துண்டையே கையால் ஒட்டினோம். அதைத் தடவிப் பார்க்காமல் எந்தப் பிள்ளையும் பக்கம் திருப்புவதில்லை!

அப்புறம், நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். என்னுடைய 18 பக்கம் 20 ஆனது. கூடிய இரண்டிலும் பெரியவர்களுக்கான நீத்துப்பெட்டிப் பின்னல் படங்களைப் பெரிதாக்கிப் போட்டேன்.