முதல் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போகிறவர்களுக்கு: கூட்டம் நடத்துபவர்களின் அனுபவப் பகிர்வு

உதவி எண்ணில் ஃபோன் எடுப்பவர்:

ஏ.ஏ. என்றால் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு. கூட்டப் பட்டியலில் முகவரி இருக்கிறதே என்று நேராகக் கிளம்பிவிடாதீர்கள். ஏ.ஏ. குழுக்களை நடத்துவது சம்பளம் வாங்காத உறுப்பினர்கள். இடம் மாறும், நேரம் மாறும், பட்டியலில் திருத்தாமல் விட்டிருப்பார்கள். மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினால், மறுபடி கிளம்புவது லேசில்லை. அதனால் முதலில் ஃபோன். எடுப்பவர் டாக்டர் இல்லை, குடியை நிறுத்திய இன்னொருவர். உங்கள் முழுப்பெயர் தேவையில்லை. இன்றோ நாளையோ அருகில் எங்கே கூட்டம், திறந்த கூட்டமா மூடிய கூட்டமா, எந்த மொழியில் பேசுவார்கள், எந்த வாசல், எந்த மாடி என்று கேளுங்கள். திறந்த கூட்டத்துக்கு யாரும் வரலாம். மூடியது, குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும்.

வாசலைப் பற்றிக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தேவாலயக் கூடம், பள்ளி வகுப்பறை என்று கிடைத்த இடத்தை வாடகைக்கு எடுத்துத்தான் கூட்டம் நடக்கும். முன்கேட் பூட்டியிருக்கும், பக்கவாட்டுக் கதவு திறந்திருக்கும், அதில் சின்னதாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். வாசலில் ஒருவர் வந்து நிற்க முடியுமா என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். சந்தோஷமாக வருவார்கள்.

செவிலியர் ஒருவர்:

மேலே சொன்னதற்கும் முந்தைய விஷயம் ஒன்று. தினமும் நிறையக் குடிப்பவர் டாக்டரைப் பார்க்காமல் சட்டென்று நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்த 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கலாம். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரக்கூடும். 2 முதல் 4 நாளுக்குள் சிலருக்குக் குழப்பமும் இல்லாததைப் பார்ப்பதும் வரும். அது உயிருக்கே ஆபத்து, உடனே மருத்துவமனை. முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால், இந்த முறை சிகிச்சையை முதலில் ஏற்பாடு செய்துவிட்டுக் கூட்டத்தைத் தேடுங்கள். கூட்டத்தில் யாராவது "அந்த மாத்திரையையும் நிறுத்திவிடு" என்று சொன்னால் கேட்காதீர்கள். மருந்தைப் பற்றிப் பேச வேண்டியது டாக்டரிடம்.

குழு ஒருங்கிணைப்பாளர்:

உள்ளே என்ன நடக்கும் என்று தெரியாததுதான் பலரைத் தடுக்கிறது. 10 நிமிடம் முன்னதாக வாருங்கள். தாமதமாக வந்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பதாகத் தோன்றும், அந்தக் கூச்சத்திலேயே சிலர் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரம், சில இடங்களில் ஒன்றரை. தொடக்கத்தில் சில பத்திகள் வாசிப்பார்கள். "புதியவர் யாராவது உண்டா?" என்பார்கள், கை தூக்குவது உங்கள் விருப்பம். உங்கள் முறை வரும்போது "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்றால் போதும், யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஒருவர் பேசும்போது இடைமறித்து அறிவுரை சொல்வதில்லை. அதைப் புதியவர்கள் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது பேசுபவருக்குத் தரும் பாதுகாப்பு. காணிக்கைப் பை வந்தால் அடுத்தவரிடம் நகர்த்திவிடுங்கள், கட்டணம் எதுவும் கிடையாது. முடிவில் பிரார்த்தனை சொல்வார்கள். சொல்ல மனமில்லையென்றால் சும்மா நிற்கலாம்.

பெரிய பலன் கூட்டம் முடிந்த பிறகு கிடைக்கும் 10 நிமிடத்தில்தான். ஓடிவிடாதீர்கள். இரண்டு மூன்று பேரின் எண்ணை வாங்கி, அன்றிரவே ஒருவருக்குச் சும்மா ஒரு ஃபோன் போடுங்கள். சாதாரண நாளில் பேசிப் பழகாதவர், குடிக்கத் தோன்றும் நேரத்தில் கட்டாயம் பேச மாட்டார். ஸ்பான்சரை, அதாவது உங்களுக்குத் துணையாக இருந்து வழிகாட்டும் மூத்த உறுப்பினரை, அவசரமாகத் தேர்ந்தெடுக்க வேண்டாம், தற்காலிக ஸ்பான்சர் கேட்டால் கிடைப்பார். ஆண்களுக்கு ஆண், பெண்களுக்குப் பெண் என்பதே பொதுவான ஆலோசனை. புதிதாக வந்தவரிடம் காதல், கடன் என்று நெருங்குபவர் எந்தக் குழுவிலும் ஒருவர் இருக்கலாம். ஒதுங்கிக்கொண்டு, நடத்துபவரிடம் சொல்லுங்கள். பெண்கள் மட்டும் கூடும் கூட்டம் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்று எல்லாவற்றையும் தள்ளிவிடாதீர்கள். குழுவுக்குக் குழு சூழல் வேறு. ஐந்தாறு இடம் போய்ப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

இணையவழிக் கூட்டங்களைக் கவனிப்பவர்:

நேர மண்டலத்தைப் பாருங்கள். பட்டியலில் இருப்பது வேறு நாட்டு நேரமாக இருக்கலாம். உள்ளே வருமுன் திரையில் தெரியும் பெயரை மாற்றுங்கள். அலுவலகக் கணக்கில் நுழைந்தால் முழுப்பெயரும் படமும் எல்லாருக்கும் தெரியும். கேமராவை அணைத்து வைக்கலாம். ஹெட்ஃபோன் அவசியம், உங்களுக்காக மட்டுமில்லை, பேசுபவர்களின் அந்தரங்கத்துக்காகவும்.

ஏ.ஏ.வில் வரும் கடவுள், மேலான சக்தி என்ற பேச்சு ஒத்துவராதவர்களுக்கு ஸ்மார்ட் ரெகவரி என்ற வேறொரு அமைப்பு இருக்கிறது. 1994 முதல் நடக்கிறது. எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சிகள்தான் அடிப்படை. பயிற்சி பெற்றவர் நடத்துவார், அங்கே ஒருவருக்கொருவர் பதில் சொல்லிப் பேசலாம். இரண்டுக்கும் சேர்ந்தே போகிறவர்களும் உண்டு.

குடும்பக் குழுவிலிருந்து:

கணவரையோ மகனையோ இழுத்துக்கொண்டு வந்தால் உட்கார்ந்திருப்பார், காதில் ஏறாது. திறந்த கூட்டம் ஒன்றுக்குச் சேர்ந்து போகலாமா என்று, அவர் குடிக்காத நேரத்தில், ஒரே ஒருமுறை கேளுங்கள். மறுத்தால் நீங்கள் அல்-அனானுக்கு வாருங்கள். 1951இல் குடும்பத்தாருக்காகவே தொடங்கியது. அவர் குடியை நிறுத்தாவிட்டாலும் நீங்கள் வரலாம்.

குழு ஒருங்கிணைப்பாளர்:

"குடித்திருக்கும்போது வரலாமா?" என்று அடிக்கடி கேட்கிறார்கள். வரலாம். நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் ஒன்றுதான் உறுப்பினராகத் தகுதி. அன்று பேச வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்வோம். பின்வரிசையில் உட்காருங்கள், வண்டியை நீங்கள் ஓட்டாதீர்கள்.