அறிவுத்திறன் புள்ளி குறைந்தால் கதாபாத்திரம் வேறு ஆளாகிவிடுகிறதா?

கேள்வி

ஒரு கதாபாத்திரமாகவே மாறி ஆடும் ரோல்பிளேயிங் கேம்களில் புதிய கதாபாத்திரத்தை உருவாக்கும்போதெல்லாம் பலத்துக்கும் உடல் உறுதிக்கும் புள்ளிகளை வாரிக் கொடுத்துவிட்டு, அறிவுத்திறனை அடிமட்டத்தில் விட்டுவிடுவது என் வழக்கம். அறிவுத்திறன் மந்திரத்துக்கு மட்டும் உதவும் 'டார்க் சோல்ஸ்' கேமில் வாளை நம்பி ஆடுபவருக்கு அதனால் பெரிய நட்டமில்லை. அதே பழக்கத்தில், 1998-இல் வெளிவந்த 'ஃபால்அவுட் 2'-ஐ அறிவுத்திறன் 2 என்று வைத்துத் தொடங்கினேன். என் நாயகனுக்கு ஒரு வாக்கியம்கூடப் பேச வரவில்லை. உறுமுகிறான், முனகுகிறான், சொந்த கிராமத்தாரிடமே காரியம் ஆகவில்லை. ஒரே பெயருள்ள எண் ஓரிடத்தில் மந்திரத்துக்கு மட்டும் உதவுவதும், இன்னோரிடத்தில் ஆளையே மாற்றிவிடுவதும் ஏன்? இவற்றில் எது நல்ல வடிவமைப்பு?

மறுமொழி 1

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். 1974-இல் வெளிவந்த, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' கதாபாத்திரத்துக்கு ஆறு பண்புகளை வகுத்தபோது, அறிவுத்திறனை மந்திரவாதியின் முதன்மைப் பண்பாக வைத்தது. பல கணினி கேம்கள் அந்த மந்திரத் தொடர்பை மட்டும் எடுத்துக்கொண்டன. சில, அந்த எண் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்வதையும் எடுத்துக்கொண்டன.

ஆனால் உங்கள் நாயகனின் உண்மையான இழப்பு பேச்சில் இல்லை. 'ஃபால்அவுட் 2'-இல் ஒவ்வொரு லெவலுக்கும் கிடைக்கும் திறன் புள்ளி, ஐந்துடன் அறிவுத்திறனின் இரு மடங்கைக் கூட்டிய தொகை. உங்களுக்கு 9 கிடைக்கும். அறிவுத்திறன் 9 உள்ளவருக்கு 23. இருபது லெவல் ஏறுவதற்குள் 280 புள்ளி வித்தியாசம் வந்துவிடும். பூட்டுத் திறப்பது, மருத்துவம், துப்பாக்கி என எல்லாமே அந்தக் கணக்கிலிருந்துதான் வளர வேண்டும் என்பதால், புதிதாக ஆடுபவர் தயங்காமல் எண்ணைக் கூட்டிவிட்டு மீண்டும் தொடங்குவதே நல்லது என்பேன்.

மறுமொழி 2

மேலே எழுதிய நண்பரின் கணக்கு சரி, அறிவுரையை ஏற்க முடியவில்லை. புள்ளி குறைவதைத் தண்டனையாக மட்டும் பார்த்தால் இந்த கேமின் அருமை தெரியாமல் போய்விடும். கிளாமத் ஊரில் மாடு மேய்க்கும் டோர் மற்றவர்களிடம் திக்கித் திணறிப் பேசுபவன். அறிவுத்திறன் குறைந்த நாயகன் போய் நின்றால், இருவரும் படித்த கனவான்களைப் போலச் சரளமாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்த உரையாடல் அறிவாளி நாயகனுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

இன்னொன்று: மென்டாட்ஸ் மாத்திரையை விழுங்கினால் சிறிது நேரத்துக்கு அறிவுத்திறன் 2 கூடும். உங்கள் 2, பேச்சு வரத் தேவையான 4-ஐ எட்டிவிடும். வேகம் இறங்கியதும் அதே வாயிலிருந்து மறுபடி முனகல்தான் வரும். பழக்கம் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் உண்டு. எந்தக் கதையாசிரியரும் எழுதித் தராத ஒரு சோகம் அந்த ஓர் எண்ணிலிருந்து பிறக்கிறது என்பதே எனக்கு இந்த வகை கேம்கள் மீதுள்ள பற்றுக்குக் காரணம்.

மறுமொழி 3

எண் உயர்ந்தாலும் கதாபாத்திரம் கோணலாகலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2019-இல் வந்த 'டிஸ்கோ எலிசியம்' கேமில் அறிவுத்திறனின் கீழ் தர்க்கம், கலைக்களஞ்சிய அறிவு, நாடகம் முதலிய ஆறு திறன்கள் உள்ளன. அவை ஒவ்வொன்றும் நாயகனான துப்பறிபவரின் தலைக்குள் தனிக் குரலாகப் பேசுகின்றன. பிணத்தின் முன் நிற்கும்போதும் வழக்குக்குச் சம்பந்தமில்லாத தகவலை ஒரு குரல் ஒப்பித்துக்கொண்டிருக்கும். 'பில்லர்ஸ் ஆஃப் எடர்னிட்டி' அந்த எண்ணைத் திறன்களின் பரப்புக்கும் நீடிக்கும் நேரத்துக்கும் பொருத்தியதால், கோடரி வீசும் முரடனுக்கும் அது தேவைப்படுகிறது. சமநிலைக்கு நல்லதுதான், ஆனால் அங்கே அந்தப் பெயர் ஆளைப் பற்றிச் சொல்வது குறைந்துவிடுகிறது என்பது என் கருத்து.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நான் இன்னும் கிளாமத்துக்குள் நுழையவில்லை. 280 புள்ளி போனால் போகட்டும். எண்ணை மாற்றாமல் முதலில் டோரிடம் போய்ப் பேசுகிறேன்.