16610-இன் கொக்கியைத் தகரம் என்றவருக்கு ஒரு கேள்வி

மணிமுள்:
நேற்று ஒருவர் ரோலெக்ஸின் முக்குளிப்பு வாட்ச்சான சப்மரினரின் புதிய மாடலைப் புகழ்ந்து எழுதியிருந்தார். புகழட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் போகிற போக்கில் "பழைய 16610 சப்மரினர் கொக்கி வெறும் தகரம், சோடா மூடியைக் கையில் கட்டியது மாதிரி" என்று ஒரு வரி. ராத்திரி தூக்கம் வராததற்கு அந்த வரிதான் காரணம்.

16610 வந்தது 1980களின் கடைசியில். 2010 வரை விற்றார்கள். இருபது வருஷத்துக்கும் மேல் ஒரே மாடல் ஓடியது சும்மாவா? என்னுடையது 2001-இல் வாங்கியது, இன்றும் அதே கொக்கிதான். குளித்திருக்கிறேன், நீந்தியிருக்கிறேன், தென்னை மட்டை வெட்டியிருக்கிறேன். ஒரு தடவைகூடத் தானாகத் திறந்ததில்லை. தகரம் என்றவர் வந்து விளக்கட்டும்.

நாற்பத்தொன்று:
அந்த ஒருவர் நான்தான் அண்ணே. பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம்.

விளக்கம் கேட்டீர்கள். தகட்டை அச்சில் அழுத்தி மடித்துச் செய்த கொக்கி அது. கழற்றி ஆட்டிப் பாருங்கள், கிலுகிலுப்பை சத்தம் வரும். 2010-இல் அடுத்த மாடல் 116610 வந்தபோது அதைத் தூக்கிவிட்டுக் கனமான கொக்கி போட்டார்கள், கூடவே பட்டையின் நீளத்தை மாற்றும் கிளைட்லாக். 2 மி.மீ. படிகளாக மொத்தம் சுமார் 20 மி.மீ. வரை நீட்டலாம், சுருக்கலாம். கருவி எதுவும் வேண்டாம். வெயிலில் மணிக்கட்டு வீங்கினால் விரலாலேயே ஒரு படி தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம். அதற்கும் அடுத்து வந்த என் 126610-இலும் அதேதான். நீங்கள் உங்கள் கொக்கியைச் சரிசெய்யக் குண்டூசி தேடிக்கொண்டிருங்கள்.

மணிமுள்:
கேட்டது தகரமா இல்லையா என்று. நீங்கள் கிளைட்லாக் பிரசங்கம் செய்கிறீர்கள். தகரம் துருப்பிடிக்கும். என் கொக்கியில் துரு எங்கே? காட்டுங்கள்.

அப்புறம், தம்பி, போன வருஷம் சப்மரினரில் ஹீலியம் வாயுவை வெளியேற்றும் வால்வு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டவர் நீங்கள்தானே? அது ரோலெக்ஸின் இன்னொரு வாட்ச்சான சீ-ட்வெல்லரில் இருப்பது. இதில் கிடையாது. வால்வு இல்லாத வாட்ச்சில் வால்வு தேடியவர் கொக்கிக்குத் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டார்.

நாற்பத்தொன்று:
வாட்ச் வாங்குவதற்கு முன்னால் கேட்ட கேள்வி அது. தெரியாததைக் கேட்டால் தப்பா? நீங்கள்கூட அலுமினிய பெசல், அதாவது கண்ணாடியைச் சுற்றிய வளையம், மங்கவே மங்காது என்று மூன்று பக்கம் சாதித்தீர்கள். நான் அதை இப்போது எடுத்தேனா?

மணிமுள்:
இப்போதுதானே எடுத்தீர்கள்.

மேலும், மங்காது என்று நான் சொல்லவில்லை. மங்கினாலும் அழகு என்றேன். என் பெசல் கறுப்பாக இருந்தது, இன்று சாம்பல் ஏறிக் கிடக்கிறது. இருபதாம் நிமிடக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கீறல். மகன் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக் கதவில் இடித்தது. உங்கள் செராமிக் பெசல் நூறு வருஷம் ஆனாலும் வாங்கிய அன்று இருந்தது போலவே பளபளவென்று இருக்கும். அதில் யாருடைய ஞாபகம் ஒட்டும்?

ஆழ்கடல் அமைதி:
இருவரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். எதில் சிறந்தது என்று முதலில் முடிவு செய்தால் பேச வசதியாக இருக்கும். அணிய வசதியா, உழைப்பா, அழகா? என்னிடம் நடுவில் வந்த 116610 இருக்கிறது. செராமிக் பெசல், நல்ல கொக்கி, உள்ளே 16610-இல் ஓடிய அதே 3135 இயந்திரம். இரண்டு காலத்துக்கும் பொதுவானது இதுதான் என்பது என் கருத்து.

நாற்பத்தொன்று:
அந்தச் சதுரப்பெட்டியா? 40 மி.மீ. என்று பெயர், லக், அதாவது பட்டை மாட்டும் கொம்பு, ஒவ்வொன்றும் பயில்வான் தோள் மாதிரி. 2020 செப்டம்பரில் 126610 வந்தபோது அதை இளைக்க வைத்துத்தானே சரி செய்தார்கள்? விட்டம் 41 ஆனாலும் கையில் மெலிவாக உட்காருகிறது.

மணிமுள்:
இந்த ஒரு விஷயத்தில் தம்பி சொல்வது சரி. 116610 பேச்சையே எடுக்க வேண்டாம்.

தகரத்துக்கு வருவோம்.

ஆழ்கடல் அமைதி:
நல்லது. சமாதானம் பேச வந்தவனுக்கு இரண்டு பக்கமும் அடி.

திருகாணி:
பத்து வருஷம் வாட்ச் பழுது பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன். 16610-இன் கொக்கி தகரம் அல்ல, துருப்பிடிக்காத எஃகுத் தகடு. அழுத்தி மடித்தது, அதனால் மெலிது, எடை குறைவு. புதியது கட்டியான எஃகில் கடைந்து எடுத்தது. மெலிது என்பதால் பலவீனம் என்று அர்த்தமில்லை. ஆனால் பழைய பிரேஸ்லெட்டில் இணைப்புகள் தேய்ந்து தளரும், அப்போது சத்தம் வரும். 2000 வாக்கில் வாட்ச்சோடு சேரும் அதன் கடைசி இணைப்புகளைக்கூடக் கெட்டியாக மாற்றினார்கள். அதற்கு முந்தையவை உள்ளே வெற்றிடமாக இருக்கும்.

மணிமுள்:
பார்த்தீர்களா? தகரம் அல்ல. தொழில் தெரிந்தவர் சொல்லிவிட்டார். முடிந்தது.

நாற்பத்தொன்று:
பார்த்தீர்களா? தகடு. மெலிது. சத்தம் வரும். நான் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார். முடிந்தது.

திருகாணி:
நான் இரண்டு பேருக்காகவும் சொல்லவில்லை.

மணிமுள்:
திருகாணி சார், கோபிக்காதீர்கள். ஆனால் தேய்ந்து தளரும் என்று பொதுவாக அடித்துவிடுவது சரியில்லை. என்னுடையதில் சத்தம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது கொக்கியின் சத்தம் அல்ல, இணைப்புகளின் சத்தம். இரண்டும் வேறு. பழுது பார்ப்பவர்கள் எல்லோரும் இதில் கவனம் என்று சொல்ல முடியாது. ஒருவரிடம் சுத்தம் செய்யத்தான் கொடுத்தேன். அவர் பாலிஷ் போட்டு லக் முனைகளை வழித்து எடுத்து, சோப்புக்கட்டி மாதிரி திருப்பிக் கொடுத்தார். கேட்டால், "பளபளப்பு வேண்டாமா சார்?" என்கிறார். மழமழவென்று தேய்த்து எடுத்துவிட்ட அந்த விளிம்பு இனி வருமா?

திருகாணி:
அது நான் இல்லை.

மணிமுள்:
நீங்கள் என்று சொன்னேனா?

குவார்ட்ஸே போதும்:
எந்தக் கொக்கியாக இருந்தாலும் என் வாட்ச் உங்கள் இரண்டையும்விடச் சரியான நேரம் காட்டும். பேட்டரி மட்டும் மாற்றினால் போதும்.

நாற்பத்தொன்று:
அண்ணா, இது உங்களுக்கான இடம் இல்லை.

மணிமுள் அண்ணே, கொக்கியை விடுங்கள், இயந்திரத்துக்கு வாருங்கள். உங்கள் 3135-இல் ஒரு தடவை சாவி ஏறினால் சுமார் 48 மணி நேரம். என் 3235-இல் சுமார் 70. வெள்ளி சாயங்காலம் கழற்றி வைத்தால் உங்களுடையது ஞாயிறு சாயங்காலம் நின்றுவிடும். என்னுடையது திங்கட்கிழமை காலை ஓடிக்கொண்டிருக்கும்.

மணிமுள்:
நான் ஏன் கழற்ற வேண்டும்? கழற்றி வைக்கிற வாட்ச்சுக்குத்தான் 70 மணி நேரம் தேவை.

பேச்சை மாற்ற வேண்டாம். 300 மீட்டர் ஆழம் பழையதுக்கும் உண்டு, புதியதுக்கும் உண்டு. தகரக் கொக்கியோடா 300 மீட்டருக்குப் போனார்கள்?

நாற்பத்தொன்று:
300 மீட்டர் தாங்குவது கேஸ், அதாவது வாட்ச்சின் உடல், கொக்கி அல்ல. இதுகூடத் தெரியாதா?

மணிமுள்:
வால்வு எந்தப் பக்கம்?

ஆழ்கடல் அமைதி:
இது உண்மையாகவே கேட்கிறேன், இரண்டு பேரில் யாராவது ஆழ்கடலில் இறங்கியதுண்டா? நான் இறங்கியிருக்கிறேன். கனமான உடுப்புக்கு மேல் கட்டும்போது கொக்கி நீள்வது பயன்படும். பழையதிலும் அதற்கென்று மடிந்து விரியும் ஒரு நீட்டிப்பு உண்டே, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

நாற்பத்தொன்று:
அதுவும் தகடுதான்.

இன்னொன்று, எல்லோரும் சப்மரினர் சப்மரினர் என்கிறீர்கள். அது சப்மரைனர்.

திருகாணி:
சப்மரினர் என்பதுதான் சரி. தொழிலில் அப்படித்தான் சொல்வோம்.

மணிமுள்:
முதலில் நேற்று நீங்கள் எழுதியதையே போய்ப் பாருங்கள். "16610 சப்மரினர் கொக்கி வெறும் தகரம்" என்றுதான் இருக்கிறது. இன்று காலையில் உச்சரிப்பு மாறிவிட்டதா?

நாற்பத்தொன்று:
அது தட்டச்சுப் பிழை.

மணிமுள்:
தகரம் என்பதும் தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிடுங்கள். நான் விட்டுவிடுகிறேன்.

நாற்பத்தொன்று:
அது பிழை இல்லை. மனமறிந்து எழுதியது.

ஆழ்கடல் அமைதி:
ஒரு சந்தேகம். லக் இடைவெளி பழையதில் 20 மி.மீ., 126610-இல் 21. என்னிடம் பெட்டி நிறைய 20 மி.மீ. வார்கள் இருக்கின்றன. புதியதற்கு மாறினால் அத்தனையும் வீண்தானா?

மணிமுள்:
வீண்தான். ஒரு மி.மீ. கூட்டி நம் வார்களையெல்லாம் செல்லாததாக்கிவிட்டார்கள். 16610-இல் 2000களின் தொடக்கம் வரை லக்கில் துளை இருந்தது. ஒரு ஊசியை வெளியிலிருந்து குத்தினால் வார் கழன்று வரும். அதையும் மூடினார்கள். இப்போது உள்ளே கருவியை விட்டுக் குடைய வேண்டும். வாரைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் பின் துள்ளிக் கட்டிலுக்கு அடியில் போய்விடும், நாம் டார்ச்சோடு தரையில் படுக்க வேண்டும். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

நாற்பத்தொன்று:
கொக்கியைச் சரிசெய்யக் குண்டூசி, வார் கழற்ற ஊசி. உங்கள் வாட்ச்சை ஒரு தையல் பெட்டியோடு சேர்த்து விற்றிருக்கலாம்.

குவார்ட்ஸே போதும்:
இது நன்றாக இருக்கிறது.

மணிமுள்:
சிரியுங்கள். இன்று சாயங்காலம் காலிப்பரை எடுத்து என் கொக்கித் தகட்டின் தடிமனை அளந்து இங்கேயே போடுகிறேன். எத்தனை மி.மீ.க்குக் கீழே போனால் தகரம் என்று அதற்குள் நாற்பத்தொன்று எழுதி வைக்க வேண்டும். அளந்த பிறகு எண்ணை மாற்றக் கூடாது.

நாற்பத்தொன்று:
காலிப்பர் எதற்கு அண்ணே? ஆட்டிப் பாருங்கள், போதும்.