ரஷ் குழுவின் எண்பதுகள்: எல்பி தேடியவர்கள் சொல்வது

கனடாவின் ராக் குழுவான ரஷ்ஷின் ரசிகர்களிடம் எண்பதுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரே பல்லவிதான். 1981இல் வந்த ‘மூவிங் பிக்சர்ஸ்’ வரைக்கும் சரி, அப்புறம் சிந்தசைசர் என்ற மின்னணு கீபோர்டு கிட்டாரை விழுங்கிவிட்டது என்பார்கள். 1980இன் ‘பெர்மனன்ட் வேவ்ஸ்’ முதல் 1989இன் ‘ப்ரெஸ்டோ’ வரை ஏழு ஸ்டூடியோ ஆல்பங்களையும் பழைய எல்பி இசைத்தட்டுகளாகத் தேடி வாங்கி, வரிசையாகக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன். அந்தக் குற்றச்சாட்டு பொருந்துவது ஒரே ஒரு தட்டுக்குத்தான்: 1982இன் ‘சிக்னல்ஸ்’.

அதில் குழுவின் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சனின் கிட்டார் எங்கேயோ பின்னால் நிற்கிறது. பாடல்களில் குறையில்லை, ஒலிகளைக் கலந்த மிக்ஸ்தான் கெடுத்தது. எழுபதுகளிலிருந்து கூடவே இருந்த தயாரிப்பாளர் டெரி பிரௌன் அந்தத் தட்டோடு விலகினார். அடுத்து 1984இல் வந்த ‘கிரேஸ் அண்டர் பிரஷர்’ தட்டில் ஊசியை வைத்ததுமே கிட்டார் முன்னுக்கு வந்துவிட்டது தெரியும். இரண்டையும் ஒரே மாலையில் அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டாக யூடியூபில் கேட்டால் இது பிடிபடாது.

தேடும்போது ஒரு வேடிக்கையும் நடந்தது. ரொறன்ரோவில் பழைய தட்டுகள் விற்கும் ஒரு கடையில் ‘பெர்மனன்ட் வேவ்ஸ்’ இரண்டு பிரதிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கவரில் ஒரு செய்தித்தாள் தெரியும். 1948 அமெரிக்கத் தேர்தலில் ட்ரூமன் தோற்றுவிட்டார் என்று சிக்காகோ ட்ரிபியூன் அவசரப்பட்டு அச்சிட்ட அந்தப் பேர்பெற்ற முதல் பக்கம். பத்திரிகை ஆட்சேபித்ததால் பிறகு வந்த கவர்களில் தலைப்பை மாற்றினார்கள். அந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் பழைய தலைப்பு அப்படியே இருந்தது. இரண்டுக்கும் ஒரே விலைதான் எழுதியிருந்தது. நான் ஏன் வாய் திறக்கப்போகிறேன்!

‘ஹோல்ட் யுவர் ஃபயர்’ (1987) வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சிடி வந்துவிட்ட காலம் என்பதால் பத்துப் பாடல், 50 நிமிடம் என்று நீட்டிவிட்டார்கள். எல்பியில் ஒரு பக்கத்துக்கு 25 நிமிடம் அடைக்க வேண்டுமென்றால் வரிப்பள்ளங்களை நெருக்கித்தான் வெட்ட முடியும். அதனால் ஒலி மெலிந்துவிடும், பாஸ் என்ற கனத்த தாழ்ஒலியும் இளைத்துப்போகும். 36 நிமிடம்கூட வராத ‘பெர்மனன்ட் வேவ்ஸ்’ அதே கருவியில் அறையையே நிறைக்கிறது. ஆக, ‘ஹோல்ட் யுவர் ஃபயர்’ மட்டும் சிடியிலேயே கேட்கலாம்.

* * *

‘சிக்னல்ஸ்’ விஷயத்தில் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் அண்ணா. அதில் வரும் ‘சப்டிவிஷன்ஸ்’ பாட்டின் தொடக்கத்தில் அந்த கீபோர்டுக்குப் பதிலாகக் கிட்டாரை வைத்துப் பாருங்கள், பாட்டே போய்விடும். ஒரே மாதிரி வீடுகள், ஒரே மாதிரிப் பிள்ளைகள், அதில் சேராமல் நிற்கும் ஒருவன். அந்தக் குளிர்ச்சி கீபோர்டில்தான் இருக்கிறது.

அந்தப் பாட்டின் வீடியோவில் வரும் பள்ளிக்கூடம் ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கும் லாமோரோ. நான் படித்த பள்ளி! அங்கே படித்த காலத்தில் இது எனக்குத் தெரியாது. பிறகு ஒருநாள் வீடியோவைப் பார்த்தபோதுதான், இது எங்கள் பள்ளி அல்லவா என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வாரமே ‘சிக்னல்ஸ்’ எல்பி வாங்கினேன். மற்ற ஆறும் என்னிடம் இல்லை, அவசரமும் இல்லை.

* * *

நான் சேகரிக்கிறவள் இல்லை, மகன்தான் சேகரிக்கிறான். ராக் என்றால் சத்தம் என்று கதவைச் சாத்திவிடுவேன். ‘கிரேஸ் அண்டர் பிரஷர்’ போட்ட அன்று அவன் ஒரு பாட்டைக் குறிப்பாகக் கேட்கச் சொன்னான், ‘ரெட் செக்டர் ஏ’. ஒரு முகாமில் அடைபட்டவரின் குரல் அது. எந்த நாடு, எந்தக் காலம் என்று பாட்டை எழுதிய குழுவின் ட்ரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் எழுதவில்லை. ஆனால் பாடுகிற கெடி லீயின் தாய் தகப்பன் இருவரும் நாஜி முகாம்களிலிருந்து உயிர் தப்பிய போலந்து யூதர்கள். பெர்கன்-பெல்சனில் விடுதலை கிடைத்தபோது, வெளியே உலகம் என்று ஒன்று மிஞ்சியிருக்கும் என்றே தாயார் நம்பவில்லையாம். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்தவளுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. அந்தப் பாட்டில் பாஸ் கிட்டாரே இல்லை என்று மகன் சொன்னான். அது எனக்குப் புரியவில்லை, ட்ரம்ஸ் மட்டும் நெஞ்சில் இடித்தது.

கவரின் பின்பக்கம் குழுவின் மூன்று பேரின் படமும் இருக்கிறது. எடுத்தவர் யூசுஃப் கார்ஷ், சர்ச்சிலை எடுத்த அதே ஆள். அவரும் ஆர்மீனியப் படுகொலைக்குத் தப்பிச் சின்ன வயதில் கனடா வந்தவர்.

தட்டில் கீறல் விழும் என்று மகன் அதை என் கையில் தருவதில்லை. எனக்கென்று ஒன்று வாங்கப்போகிறேன். கனடாவில் அன்தம் வெளியிட்ட பிரதி நல்லதா, அமெரிக்காவின் மெர்குரி பிரதி நல்லதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.