கம்ப்யூட்டர் திடீர் திடீரென உறைந்துவிடுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. பாகம் பாகமாக வாங்கி நானே பூட்டிய கம்ப்யூட்டர். மூன்று வாரமாகத் திடீரென உறைந்துவிடுகிறது. மவுஸ் அம்பு அப்படியே நிற்கும், ஓடுகிற பாட்டு 'ர்ர்ர்' என்று ஒரே இழுப்பாக இழுக்கும். பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது.

சும்மா இருக்கும்போதே பிராசஸர் 70 டிகிரி, வீடியோ எடிட் செய்தால் அரை நிமிடத்தில் 98. கூலரைக் கழற்றினேன். பிராசஸர் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு மூலையில் மட்டும் அழுந்தி, மறுபக்கம் பூசியபடியே இருந்தது. துடைத்துப் புதிதாகப் பூசி, திருகுகளை எதிரெதிர் மூலையாக முடுக்கினேன். இப்போது சும்மா இருந்தால் 45, எடிட் செய்தால் 80.

சரி, சூடு அடங்கியது. உறைவது மட்டும் நிற்கவில்லை, அதுவும் பெரும்பாலும் சும்மா இருக்கும்போதுதான். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பை அணைத்துவிட்டு, ரேமை ஒவ்வொன்றாகப் போட்டு அதில் பிழை உண்டா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடவிடப் போகிறேன். அப்புறம் பவர் சப்ளையைப் பார்ப்பதா, மதர்போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸைப் புதுப்பிப்பதா? இதே தொல்லை வந்தவர்கள் சொல்லுங்கள், என் வேலை முழுக்க இதில்தான் இருக்கிறது.