நாட்டுக் குஞ்சில் சேவலா பெட்டையா: பெங்களூருவில் மாடியிலும் கொல்லையிலும் வளர்ப்பவர்களின் அனுபவப் பகிர்வு

ராமமூர்த்தி நகர்:
சந்தையில் ஒரு நாள் குஞ்சைக் காட்டி "எல்லாமே ஹேண்டே" (கன்னடத்தில் பெட்டை) என்று சொன்னால், அதை நம்பி முட்டைக் கணக்குப் போடாதீர்கள். நாட்டுக் குஞ்சைப் பொரித்த அன்றே பிரிக்க வீட்டில் நம்பகமான வழி கிடையாது. சாயத்தில் முக்கியெடுத்த பச்சை, ரோஸ் குஞ்சுகளில் ஆபத்து இன்னும் அதிகம். முட்டைக் கோழிக் குஞ்சு பொரிப்பகங்களில் பெட்டையைப் பண்ணைக்கு அனுப்பிவிட்டு ஒதுக்கிய சேவல்கள்தான் பெரும்பாலும் அப்படி விற்பனைக்கு வருகின்றன. பத்து வாங்கிப் பத்தும் சேவலாகப் போனால் வியப்பில்லை.

இறக்கையை விரித்துப் பார்க்கும் வீடியோக்கள் நிறையச் சுற்றுகின்றன. கீழ்வரிசை இறகு நீண்டு, அதை மூடும் மேல்வரிசை குட்டையாக இருந்தால் பெட்டை. இரண்டும் சமமாகவோ மேல்வரிசை நீண்டோ இருந்தால் சேவல். முறை பொய்யல்ல. ஆனால் தாய் மெதுவாக இறகு விடும் வம்சம், தகப்பன் வேகமாக விடும் வம்சம் என்று திட்டமிட்டு இணைத்த குஞ்சுக்கு மட்டுமே அது பொருந்தும். மெதுவான இறகுக்கான மரபணு, பாலினத்தோடு தொடர்புள்ள இசட் (Z) குரோமோசோமில் இருக்கிறது. சேவலுக்கு இசட் இரண்டு, பெட்டைக்கு ஒன்றுதான். பெட்டைக் குஞ்சு அந்த ஒன்றைத் தகப்பனிடமிருந்து வாங்குவதால் அதற்கு வேக இறகு. சேவல் குஞ்சுக்குத் தாயின் மெதுவான இறகும் சேர்ந்து வர, அதுவே மேலோங்கும். கலந்து மேயும் சிறுவிடையில் (சிறிய உடல் நாட்டுக்கோழி) இந்த ஏற்பாடே இல்லாததால், அங்கே இறக்கை பார்ப்பது காசு சுண்டிப் போடுவதற்குச் சமம்.

ஓசூர் ரோடு:
பின்துவாரத்தை விரித்து உள்ளிருக்கும் மொட்டைப் பார்க்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். 1920களில் ஜப்பானில் வகுத்தது. பொரித்த ஒரு நாள், ஒன்றரை நாளுக்குள் பார்க்க வேண்டும். பெட்டைக் குஞ்சிலும் சிலதுக்குச் சின்ன மொட்டு இருக்கும் என்பதால் நீண்ட பயிற்சி இல்லாமல் பிடிபடாது. விரல் கொஞ்சம் அழுத்தினாலும் வயிற்றுக்குள் இருக்கும் மஞ்சள்கருப் பை உடைந்து குஞ்சு போய்விடும். வீட்டில் தயவுசெய்து வேண்டாம்.

கே.ஆர்.புரம்:
முதல் நல்ல தடயம் கொண்டை. ஒற்றைக் கொண்டை இனமானால் 4லிருந்து 6 வாரத்துக்குள் சேவலுக்கு அது தடித்து, இளஞ்சிவப்பாகி, அலகுக்குக் கீழே தொங்கும் தாடியும் அரும்பும். பெட்டைக்கு வெளிர் மஞ்சளாக, தட்டையாகவே கிடக்கும். பெரும்பாலும் முட்டைக்கு வரும் பருவத்தில்தான் சிவக்கும். அசில் என்ற சண்டைக்கோழி இனத்தின் ரத்தம் உள்ள பெருவிடைக்கு (பெரிய உடல் நாட்டுக்கோழி) இந்தக் கணக்கு ஆகாது. அதன் கொண்டை பட்டாணி வகை, தலையோடு ஒட்டிய மூன்று வரி. நடு வரியைப் பாருங்கள்: அகலமாகி மேலெழுந்து சிவந்தால் சேவல் பக்கம். அதுவும் 8, 10 வாரம் ஆகும். கடக்நாத் என்ற கருங்கோழிக்குக் கொண்டையே கருப்பு, நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, அளவும் இறகும்தான்.

பலர் தவறுவது இங்கேதான். ரத்தக் கழிச்சல் வந்த குஞ்சுக்கும் பேன் பிடித்த குஞ்சுக்கும் கொண்டை வெளுத்திருக்கும். அதைப் பெட்டை என்று நிறுத்திக்கொண்டு, நல்ல சிவப்பாக இருக்கும் துடியான பெட்டையைச் சேவல் என்று விற்றுவிடுவார்கள். எச்சத்தைப் பார்க்காமல் கொண்டையைப் பார்க்காதீர்கள்.

விவேக் நகர்:
கே.ஆர்.புரம் அண்ணா சொன்னதோடு வாலையும் முதுகையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 3லிருந்து 5 வாரத்தில் பெட்டைக்கு வாலும் முதுகும் சீக்கிரம் மூடிவிடும். சேவல் தோளிலும் முதுகிலும் வெற்றுத் தோல் தெரிய, குட்டை வாலோடு திரியும். கால் தடிப்பும் அப்போதே தெரியத் தொடங்கும். இதெல்லாம் ஊகம்தான்.

முடிவு செய்ய வேண்டியது 12 வாரத்தையொட்டி. வால் தொடங்கும் இடத்துக்கு முன்னால், இடுப்பின் இரு பக்கமும் புதிதாக வரும் இறகை விரலால் நீவி ஒன்றைத் தனியாகப் பிரித்துப் பாருங்கள். நுனி கூர்மையாக, ஒடுங்கி, பளபளப்பாக இருந்தால் சேவல். நுனி உருண்டையாக இருந்தால் பெட்டை. கழுத்து இறகும் அப்படித்தான், ஆனால் இடுப்பில் தெரிவதுபோல் தெளிவாகத் தெரியாது. வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும், டியூப் லைட்டில் மினுமினுப்பு ஏமாற்றும். பழைய குஞ்சு இறகும் புது இறகும் கலந்திருக்கும் என்பதால் நாலைந்து இடத்தில் பிரித்துப் பார்ப்பது நல்லது. காலின் பின்பக்கம் வளரும் முள் இருக்கிறதா என்று தேடி நேரம் போக்க வேண்டாம். அசில் பெட்டைக்கும் முள் வருவதுண்டு.

ஓசூர் ரோடு:
ஒரு குஞ்சைத் தனியாக வைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது. ஒரே இனம், ஒரே நாளில் பொரித்தது, பக்கத்தில் பக்கத்தில் நிறுத்த வேண்டும். காலுக்கு வேறு வேறு நிற வளையம் போட்டு, வாரம் ஒருமுறை அதே வெளிச்சத்தில் தலையையும் முதுகையும் படம் எடுங்கள். கேபிள் டை கட்டினால் சுற்றிச் சுழலும் அளவு இளக்கமாக, ஆனால் பாதத்தைத் தாண்டி நழுவாதபடி விடவும். வாரந்தோறும் வெட்டி மாற்றவும். மறந்தால் வளரும் காலை அறுத்துவிடும்.

கே.ஆர்.புரம்:
கூர் முட்டை சேவல், உருண்டை முட்டை பெட்டை என்று அடை வைப்பவர்களுக்கு: பெட்டையா சேவலா என்பதைத் தாய்க்கோழியின் குரோமோசோம்தான் முடிவு செய்கிறது, ஓட்டின் வடிவத்துக்கு அதில் பங்கில்லை. அரிஸ்டாட்டில் இதையே தலைகீழாக, கூர் முட்டைதான் பெட்டை என்று எழுதி வைத்திருக்கிறார்.

விவேக் நகர்:
சில்கி என்ற அலங்காரக் கோழி வைத்திருப்பவர்கள் 12 வாரக் கணக்கை விட்டுவிடுங்கள். அதன் இறகு பஞ்சு மாதிரி இருப்பதால் இடுப்பில் கூர் நுனி தேடிப் பயனில்லை. தலைக் குடுமியிலிருந்து பின்னோக்கி நீண்ட மெல்லிய இழைகள் தனித்து நீட்டினால் சேவலாக இருக்கலாம். 5, 6 மாதம் வரை பொறுக்க வேண்டியிருக்கும். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டில் வளர்ப்பவர்கள், சேவலை எடுத்துக்கொள்ள ஊரில் யாராவது இருக்கிறார்களா என்று குஞ்சு வாங்கும் முன்பே பேசி வையுங்கள். மூன்றாவது மாதத்தில் கரகரவென்று கூவ ஆரம்பித்த பிறகு தேடினால், வருபவர் கேட்கும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டிவரும்.