'செயின் கேங்கிங்': தமிழில் என்ன சொல்லலாம்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

முதல் உலகப் போர் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். 'செயின் கேங்கிங்' என்ற சொல்லில் வந்து நின்றுவிட்டேன். ஒரு நாடு சண்டைக்குப் போனால், அதனோடு ராணுவ ஒப்பந்தம் போட்ட நாடும் வேறு வழியில்லாமல் பின்னாலேயே போவதை இது குறிக்கிறது. ஒரே சங்கிலியில் கால் பூட்டிய கைதிகளை வைத்து வந்த சொல். 'சங்கிலிப் பிணைப்பு' என்று எழுதிப் பார்த்தேன். வேதியியல் பாடப்புத்தக வாடை அடிக்கிறது. வேறு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள்.

---

> 'கூட்டணிச் சிக்கல்' என்றால் எல்லோருக்கும் புரியுமே?

புரியும் ஐயா, தொகுதிப் பங்கீட்டில் தகராறு என்று புரியும்!

யோசிக்க யோசிக்க, சங்கிலியே சரியில்லை என்று படுகிறது. ஜெர்மனியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் இத்தாலியும் 1882இல் முக்கூட்டு ஒப்பந்தம் போட்டன. 1914இல் போர் மூண்டதும் இத்தாலி அந்த ஒப்பந்தத்தை எடுத்து வரி வரியாகப் படித்தது. வம்புக்குப் போகாத கூட்டாளி தாக்கப்பட்டால்தான் உதவ வேண்டும். இங்கே செர்பியாமீது பாய்ந்தது ஆஸ்திரியா. ஆகவே எங்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒதுங்கிக்கொண்டது. 1915 மே மாதம் எதிரணிக்குப் போய் அதே ஆஸ்திரியாமீது போர் அறிவித்தது. காலில் சங்கிலி பூட்டிய கைதியால் இதெல்லாம் முடியுமா?

சங்கிலியை விட்டுவிட்டு ஜாமீனுக்கு வந்தேன். என் அப்பா நண்பர் ஒருவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். நண்பர் கட்டவில்லை. அப்பாவின் சம்பளச் சீட்டில் 'பிடித்தம்' என்ற கட்டத்தில் மூன்று வருடம் அந்தத் தொகை வந்துகொண்டே இருந்தது. 'பிணை' என்ற நம் சொல்லில் கட்டும் இருக்கிறது, ஜாமீனும் இருக்கிறது. ஜாமீன் பத்திரத்துக்கு நிபந்தனைகளும் உண்டு. இத்தாலி பிடித்துக்கொண்டது அதைத்தான்.

இப்போது 1914 ஜூலையைப் பாருங்கள். 5ஆம் தேதி, போட்ஸ்டாமில் தன்னோடு மதிய உணவு சாப்பிட்ட ஆஸ்திரியத் தூதரிடம், என்ன வந்தாலும் ஜெர்மனி பின்னால் நிற்கும் என்றார் கெய்சர் வில்ஹெல்ம். தொகை எழுதாமல் கையெழுத்துப் போட்ட செக் என்றே இதைச் சரித்திரக்காரர்கள் சொல்கிறார்கள். தொகையை வியன்னா நிரப்பியது: 23ஆம் தேதி செர்பியாவுக்கு 48 மணி நேரக் கெடு. செர்பியாவுக்கு ரஷ்யாவின் எழுத்துப் பிணை எதுவும் கிடையாது. ஆனாலும் 30ஆம் தேதி ரஷ்யா முழுப் படைதிரட்டலுக்கு உத்தரவிட்டது. ரஷ்யாவோடு பிரான்ஸுக்கு 1894 முதல் ஒப்பந்தம். ஜெர்மனியின் திட்டமோ முதலில் பிரான்ஸை முடித்துவிட்டு அப்புறம் ரஷ்யா பக்கம் திரும்புவது. அதற்கு வழி பெல்ஜியம். பெல்ஜியத்தின் நடுநிலைக்கு 1839இல் பிணை நின்ற நாடுகளில் பிரிட்டன் ஒன்று. (இன்னொன்று பிரஷ்யா, அதாவது பிற்கால ஜெர்மனி! தான் ஜாமீன் போட்ட வீட்டிலேயே புகுந்தது.) ஆகஸ்ட் 4 இரவு பிரிட்டனும் போரில்.

'பிணைப்போர்' என்று வைக்கலாம், ஆனால் 'பிணைக்கிறவர்கள்' என்றும் படிக்க வரும். அதனால் என் பரிந்துரை: பிணையிழுப்பு.

---

தம்பி,

சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் உங்கள் அப்பா வேண்டாவெறுப்பாக மாட்டிக்கொண்டவர். ஜெர்மனி அப்படியா? அது ரஷ்யாமீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 1. யாருக்காகப் பிணை நின்றதோ அந்த ஆஸ்திரியா ரஷ்யாமீது போர் அறிவித்தது ஆகஸ்ட் 6. கடன் வாங்கியவனுக்கு ஐந்து நாள் முன்னாலேயே ஓடுகிற ஜாமீன்தாரரை நான் பார்த்ததில்லை. 'இழுப்பு' என்று போட்டால் எல்லோரும் இழுபட்டவர்கள் ஆகிவிடுவார்கள், இழுத்தவன் தப்பித்துவிடுவான்.

இன்னொன்று. ஒப்பந்தப்படி உதவியே ஆகவேண்டிய கட்டம் வந்துவிட்டதா என்பதற்கு லத்தீனில் 'காசஸ் ஃபோடெரிஸ்' என்று தனிச்சொல் உண்டு. அந்தக் கட்டம் இன்னும் வரவில்லை என்றுதான் இத்தாலி வாதிட்டது. அதற்கும் சேர்த்து யோசியுங்கள்.

---

அக்கா,

அந்த ஐந்து நாள் கணக்கு என் கண்ணில் படவே இல்லை. கட்டுரையாசிரியர் அந்தக் கோட்பாட்டைச் சொல்லும் இடங்களில் மட்டும் 'பிணையிழுப்பு' வைத்துக்கொள்கிறேன். ஜெர்மனி பற்றிய பத்தியில் 'போருக்குள் இழுபட்டது' என்று எழுதியிருந்ததை 'போரில் இறங்கியது' என்று திருத்திவிட்டேன். லத்தீன் சொல்லுக்கு 'பிணைத் தருணம்' தோன்றுகிறது. 'தருணம்' கொஞ்சம் கல்யாணப் பத்திரிகை மாதிரி இல்லை? 'பிணைக்கட்டம்' எப்படி?

இதே போரில் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டு போட்ட கப்பலின் பெயரை, எந்தக் குழுவும் கூடாமலேயே, 'அவன் பெரிய எம்டன்' என்று ஊரே சொல்லாக்கிக்கொண்டது. நாம் ஒரு வாரமாக மடல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

பட்டியலில் 'பிணையிழுப்பு' ஏற்றியாயிற்று. 'பிணைக்கட்டம்' பக்கத்தில் இப்போதைக்குக் கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.